உட்கார்ந்தால் எண்ணம் கூடுகிறது, என் மனசு கெட்டுப்போய்விட்டதா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மணலி பக்கம் கண்டெய்னர் யார்டில் வேலை, வாரம் விட்டு வாரம் நைட் ஷிப்ட். எக்ஸ்பிரஸ் ரோட்டை ஒட்டிய ஒற்றை அறை வீட்டில் அம்மா, மனைவி, குழந்தையோடு இருக்கிறார். தூக்கம் கெட்டுப்போனதால் மூன்று மாதமாக யூடியூப் பார்த்துத் தியானம் பழகுகிறாராம். "அக்கா, கண்ண மூடினாலே தினமும் கட்டுற தண்டல் கடன் ஞாபகம் வருது. அப்புறம் அப்பா. சாகறதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் அவர்கூட நான் பேசவே இல்ல. இதுல லாரி ஹாரன் வேற. எண்ணமே இல்லாத அமைதி எனக்கு வருமா, இல்ல என் மனசு கெட்டுப்போச்சா?"

தம்பி, மனசு கெட்டுப்போகவில்லை. நான் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள், 25 வருஷமாக மனநல ஆலோசகராக இருக்கிறேன். இந்தக் கேள்வியை மீன் விற்கும் அம்மாவும் கேட்டிருக்கிறார், பேங்க் மேனேஜரும் கேட்டிருக்கிறார். கேட்ட எல்லோருக்குள்ளும் ஒரே பயம்தான்: மற்றவர்கள் மனசெல்லாம் குளம் மாதிரி இருக்கிறது, என்னுடையது மட்டும் காசிமேட்டு ஏலக்கூடம் மாதிரி இருக்கிறது.

மற்றவர்கள் மனசும் அப்படித்தான் இருக்கிறது. 2010-இல் அமெரிக்காவில் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2,250 பேருடைய கைபேசிக்கு நாளில் எந்த நேரத்திலாவது செய்தி அனுப்பி, "இப்போது என்ன செய்கிறீர்கள், மனசு அந்த வேலையில் இருக்கிறதா, வேறு எங்காவது இருக்கிறதா" என்று கேட்டார்கள். கிட்டத்தட்ட 47 சதவீத நேரம் மனசு வேறு எங்கோ இருந்தது. மூளை நம் உடம்பு எடையில் 2 சதவீதம்தான். சும்மா படுத்திருக்கும்போதுகூட உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அதுதான் எடுத்துக்கொள்கிறது. வேலை எதுவும் கொடுக்காமல் விட்டால் மூளையின் சில பகுதிகள் முன்னைவிட மும்முரமாக இயங்குகின்றன என்பதை 2001-இல் மார்கஸ் ரெய்க்ல் என்ற நரம்பியல் அறிஞரின் குழு விளக்கியது. நேற்று நடந்தது, நாளை நடக்கப்போவது, அவர் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார் என்பதையெல்லாம் அந்த நேரத்தில்தான் மூளை எடுத்துப் புரட்டிப் பார்க்கிறது. நீங்கள் கண்ணை மூடி வேலை எதுவும் இல்லாமல் உட்காரும்போது எண்ணம் கூடுவதற்கு இதுதான் காரணம். யார்டில் பெட்டி எண்ணிக்கொண்டிருக்கும்போது வராதது, உட்கார்ந்ததும் வரும்.

அதை விரட்டினால் இன்னும் மோசமாகும். 1987-இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் மாணவர்களைக் கூப்பிட்டு, "ஐந்து நிமிஷம் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள், நினைவு வந்தால் மணி அடியுங்கள்" என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு "இப்போது நினைத்துக்கொள்ளலாம்" என்றபோது, முதலில் அடக்கி வைத்தவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்தது. 'நினைக்கக்கூடாது' என்று காவல் போட்டால், அது வந்துவிட்டதா என்று அந்தக் காவலே அடிக்கடி எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. நீங்கள் மூன்று மாதமாக தண்டல்காரரை விரட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அதனால்தான் அவர் போவதில்லை.

ஆனால் எல்லா எண்ணமும் ஒரே சாதி இல்லை. தியான வீடியோக்கள் இதைத்தான் சொல்வதில்லை, எனக்கு வருத்தம் அதில்தான். "எண்ணங்கள் மேகம் மாதிரி, கடந்துபோக விடுங்கள்" என்கிறார்கள். நாளைக் காலை ஒன்பது மணிக்கு வாசலில் வந்து நிற்கும் தண்டல்காரர் மேகம் இல்லை. உங்களுக்கு வருகிற எண்ணங்களை நான் மூன்றாகப் பிரிக்கிறேன்: கடன், அப்பா, ஹாரன். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

கடனை முதலில் எடுக்கிறேன், அதுதான் உங்கள் தலையில் அதிக இடத்தை அடைத்திருக்கிறது. நம் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2013-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. கரும்பு விவசாயிக்கு வெட்டுக்குப் பிறகுதான் மொத்தமாகக் காசு கிடைக்கும், வெட்டுக்கு முன்பு நகை அடகில் இருக்கும், கைமாற்று நிற்கும். அதே ஆளுக்கு, வெட்டுக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை, கவனத்தையும் யோசனைத் திறனையும் சோதிக்கும் தேர்வுகள் வைத்தார்கள். காசு வருவதற்கு முன் அதே மனிதர் மெதுவாகச் செய்தார், அதிகம் தப்பு செய்தார். காசு கைக்கு வந்த பிறகு தேறினார். ஆள் அதே ஆள், படிப்பு அதே படிப்பு. காசில்லாத கவலை தலைக்குள் இடம் பிடித்துக்கொண்டதால் மற்ற யோசனைக்கு இடம் குறைந்துபோனது.

இதை நான் படித்தபோது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த மாதங்களில் காசிமேட்டு வீடுகளில் சண்டை கூடும், சின்ன விஷயத்துக்குப் பிள்ளைகள் அடி வாங்கும், மறதி கூடும். படகு கடலுக்குப் போய் இரண்டு வாரத்தில் அதே வீடு சிரிக்கும். அந்த 61 நாளில் ஒருவரிடம் போய் "மனசை அமைதியா வெச்சுக்கோங்க" என்று நான் எப்படிச் சொல்வேன்? கடன் கவலை இருக்கிறவருக்கு அமைதி வராதது மனப் பக்குவக் குறைவு என்று யாராவது சொன்னால் அதை நம்பாதீர்கள்.

தண்டல் கணக்கை ஒரு தடவை காகிதத்தில் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? பொதுவாக 10,000 ரூபாய் என்று சொல்லி 8,500 கையில் கொடுப்பார்கள், தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். உங்களுக்கு இப்படி எத்தனை ஓடுகிறது, எத்தனை நாள் பாக்கி, அதோடு குழு லோன் எவ்வளவு, சீட்டு எவ்வளவு? பெரும்பாலானவர்களுக்கு மொத்தத் தொகை தெரியாது. தெரிந்துகொள்ளவே பயம். தெரியாத தொகைதான் ராத்திரி இரண்டு மணிக்கு வந்து பெரிதாக நிற்கும்.

முடித்த வேலையைவிட முடிக்காத வேலைதான் ஞாபகத்தில் அதிகம் நிற்கிறது என்று ப்ளூமா செய்கார்னிக் என்ற பெண் 1927-லேயே ஆராய்ந்து எழுதினார். பின்னால் 2011-இல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இருவர் ஒரு முக்கியமான விஷயத்தைக் கண்டார்கள். வேலையை முடிக்கவே வேண்டாம், எப்போது, எங்கே, எப்படிச் செய்யப்போகிறேன் என்று தெளிவாகத் திட்டம் போட்டுவிட்டாலே அந்த எண்ணம் வந்து தொந்தரவு செய்வது குறைகிறது. என் அனுபவமும் இதுதான். என்னிடம் வந்த ஒரு பெண், மூன்று தண்டலும் இரண்டு குழுக் கடனும் வைத்திருந்தார். ஒரு 40 பக்க நோட்டு வாங்கி, எந்தக் கடன் எந்தத் தேதியில் முடியும், எதை முதலில் முடித்து மறுபடி எடுக்காமல் இருப்பது என்று என் எதிரிலேயே எழுதினார். கடன் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஆனால் அடுத்த வாரம் வந்து, "அக்கா, ரெண்டு நாள் விடியற வரைக்கும் தூங்கினேன்" என்றார். அந்தக் கணக்கை இனிமேல் நோட்டு ஞாபகம் வைத்திருக்கும் என்று மனசுக்குத் தெரிந்துவிட்டது.

நீங்களும் ஒரு நோட்டு போடுங்கள். கூடவே, கவலைப்படுவதற்கு ஒரு நேரம் வையுங்கள். கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் 1980-களிலிருந்து உளவியல் சிகிச்சையில் பயன்படுகிற முறை இது. ஷிப்டுக்குக் கிளம்பும் முன் மாலை 20 நிமிஷம், நோட்டோடு உட்கார்ந்து கவலையை மட்டும் படுங்கள். மற்ற நேரத்தில் அது வந்தால், "சாயங்காலம் பாத்துக்கலாம்" என்று சொல்லி அனுப்புங்கள். அடக்குவது வேறு, தள்ளி வைப்பது வேறு. சொன்ன நேரத்தில் நீங்கள் உட்காரத்தான் வேண்டும், அதில் ஏமாற்றக் கூடாது.

இரண்டாவது, அப்பா.

இதை எழுதத்தான் எனக்கு நேரம் பிடித்தது. என் அப்பா காசிமேட்டில் வலை பின்னுகிறவர். ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி ராத்திரி, "நீ போய்ப் படு" என்று தம்பி சொன்னதால் நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். விடியற்காலையில் அவர் போய்விட்டார். "ஏன் வீட்டுக்குப் போனேன், நான் என்ன மகள்" என்ற கேள்வி ஏழு வருஷம் என்னோடு இருந்தது. பகலில் மற்றவர்களுக்கு ஆலோசனை சொல்வேன், ராத்திரி இது ஓடும். ஒவ்வொரு ராத்திரியும் அதே இடத்தில் தொடங்கி அதே இடத்தில் முடியும். யோசிக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மாடு அசைபோடுகிற மாதிரி அதையே மென்றுகொண்டிருந்தேன் என்பது பிறகுதான் புரிந்தது.

இப்படி அசைபோடும் பழக்கத்தை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர் சூசன் நோலன்-ஹோக்சிமா. அவர் ஸ்டான்போர்டு மாணவர்களிடம் மனநிலை பற்றிக் கேட்டு எழுதி வாங்கிய 14 நாளில், 1989 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் பூகம்பம் வந்தது. ஏழு வாரம் கழித்துப் பார்த்தபோது, முன்பே 'எனக்கு ஏன் இப்படி' என்று உள்ளுக்குள்ளேயே உழலும் பழக்கம் இருந்தவர்கள்தான் அதிக மனச்சோர்வில் இருந்தார்கள். துக்கம் எல்லோருக்கும் வரும். அதற்குள் நாம் கேட்கிற கேள்வி எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்து அது ஆறவோ அழுகவோ செய்கிறது. 'நான் ஏன் இப்படிப்பட்டவன்' என்ற கேள்விக்கு எங்கேயும் பதில் கிடைக்காது. 'அன்றைக்கு என்ன நடந்தது' என்ற கேள்விக்குப் பதில் உண்டு, அதைச் சொல்ல ஆள் இருப்பார்.

எனக்கு இருந்த ஆள் என் தம்பி. ஏழு வருஷம் கழித்து, ஒரு பொங்கல் அன்று, மாடியில் வைத்து அவனிடம் கேட்டேன்: நான் போன பிறகு என்னவெல்லாம் நடந்தது, எத்தனை மணிக்கு, அப்பா ஏதாவது பேசினாரா? அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். பதினொரு மணிக்குத் தண்ணீர் கேட்டார். ஒரு மணி வாக்கில் முழித்து, "பாப்பா வூட்டுக்குப் போயிடுச்சா, சாப்டுச்சா?" என்றார். போய்விட்டது என்றதும் "தூங்கட்டும்" என்று சொல்லித் திரும்பிப் படுத்தார். அவ்வளவுதான். நான் அன்று நிறைய அழுதேன். இன்றைக்கும் அப்பா நினைவு வருகிறது, ஆனால் அந்தக் கேள்வியோடு வருவதில்லை. தண்ணீர் கேட்டது வருகிறது, திரும்பிப் படுத்தது வருகிறது.

உங்களுக்கு எந்தப் பதில் கிடைக்கும் என்று நான் சொல்ல முடியாது. கசப்பாகவும் இருக்கலாம். அப்பா கடைசிவரை உங்கள்மேல் கோபமாகவே இருந்திருக்கலாம். அது தெரிந்தாலும், தெரிந்த ஒன்றுக்காக அழலாம், மன்னிப்புக் கேட்டு அவர் படத்துக்கு முன் ஒரு வார்த்தை சொல்லலாம். தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு எதுவுமே செய்ய முடியாது. அந்த இரண்டு மாதமும் அவர்கூட ஒரே வீட்டில் இருந்தவர் உங்கள் அம்மா. தியானத்தில் உட்கார்ந்து அப்பாவைக் கடந்துபோகப் பார்க்கிறீர்கள். ஆறடி தள்ளி அம்மா உட்கார்ந்திருக்கிறார்.

மூன்றாவது ஹாரன், அதோடு உடம்பு. இங்கே தியானப் பயிற்சிக்கு உண்மையான இடம் உண்டு.

குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது என்று 2000-இல் வந்த ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. கண்டெய்னர் லாரி வரிசை நிற்கிற எக்ஸ்பிரஸ் ரோட்டோரம் அது எப்படி இருக்கும் என்று நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வடசென்னையில் அமைதியான இடம் தேடிப் பிறகு உட்காரலாம் என்றால் ஆயுசு முழுக்க உட்காரவே முடியாது. அதனால் சத்தத்தையே பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன். ஹாரன் கேட்டால் 'சத்தம்' என்று மட்டும் உள்ளே சொல்லுங்கள், 'சனியன் பிடிச்சவன்' என்பதைச் சேர்க்காதீர்கள். சத்தம் இரண்டு விநாடியில் போய்விடும், அதற்குமேல் மனசுக்குள் ஓடுகிற திட்டுதான் பத்து நிமிஷம் நிற்கும். கண்ணைத் திறந்தே உட்காருங்கள். துக்கமும் தூக்கக் கேடும் உள்ளவர்களுக்குக் கண்ணை மூடுவது பல நேரம் ஒத்துவருவதில்லை. எதிரே இருக்கிற சுவரையோ தண்ணீர்க் குடத்தையோ பார்த்தால் போதும்.

மூச்சை அடக்கவும் வேண்டாம், எண்ணிக்கை பார்த்து மிரளவும் வேண்டாம். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது கொஞ்சம் நீளமாக இருக்கட்டும். நிமிஷத்துக்கு ஆறு மூச்சு வருகிற மாதிரி, அதாவது நாலு எண்ணும்வரை இழுத்து ஆறு எண்ணும்வரை விடுங்கள். மூச்சு வெளியே போகும்போது வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு கொஞ்சம் மெதுவாகிறது. கையைக் கழுத்தில் வைத்துப் பார்த்தால் சிலருக்குத் தெரியவே செய்யும். ஐந்து நிமிஷம் போதும். நடுவில் மனசு யார்டுக்கு ஓடும், தண்டலுக்கு ஓடும். ஓடியதைக் கண்டுபிடித்த அந்த நொடிதான் பயிற்சி, நீங்கள் அதைத் தோல்வி என்று எண்ணிக்கொண்டிருந்தீர்கள்.

நைட் ஷிப்ட் வாரத்தில் ஒன்று இரண்டு சின்ன விஷயம். ஷிப்டின் பின்பாதியில் டீ வேண்டாம், உள்ளே போன காஃபீன் பாதி குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். காலை வெயில் முகத்தில் பட்டால் உடம்பு பகல் வந்துவிட்டது என்று முழித்துக்கொள்ளும், அதனால் வண்டியில் வரும்போது தொப்பியோ கறுப்புக் கண்ணாடியோ போடுங்கள். ஜன்னலுக்குக் கனமான போர்வை கட்டுங்கள்.

உட்காரவே பிடிக்கவில்லை என்றால் நடங்கள். நம் ஊருக்கு அதில் பழைய வழக்கம் உண்டு. 1823-இல் பிறந்த வள்ளலார் ஏழுகிணறு வீராசாமித் தெருவில் குடியிருந்த காலத்தில் திருவொற்றியூர் கோயிலுக்குப் பல வருஷம் போய்வந்தவர். ஏழெட்டு கிலோமீட்டர் இருக்கும் அந்த வழி. பட்டினத்தார் சமாதியும் அதே திருவொற்றியூரில், கடலோரத்தில்தான் இருக்கிறது. ஊரையே விட்டுவிட்டு அலைந்த மனிதர் வந்து அடங்கிய இடம் இன்றைக்கு லாரிச் சத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் மாதத்துக்கு ஒரு முறையாவது அங்கே போவேன். மனசு நின்றுபோவதில்லை. எண்ணம் ஓடிக்கொண்டேதான் இருக்கும், அலையும் அடித்துக்கொண்டேதான் இருக்கும். அரை மணி நேரம் கழித்து எழும்போது தோள் இறங்கியிருக்கும். எனக்குத் தெரிந்த மன அமைதி அந்த அளவுதான், அது எனக்குப் போதுமாக இருக்கிறது.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால், சாப்பாடும் தூக்கமும் சேர்ந்து போனால், இல்லாமலே போய்விடலாமா என்ற நினைப்பு ஒரு தடவை வந்தால்கூட, நோட்டும் மூச்சும் போதாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற எண்ணில், அதாவது அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில், இரவு பகல் எப்போதும் இலவசமாகத் தமிழில் பேசலாம். அது 2022 அக்டோபரில் தொடங்கியது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794-இலிருந்து நடக்கிறது. அங்கே புறநோயாளியாகப் போய் மாத்திரை வாங்கிக்கொண்டு அன்றைக்கே வேலைக்குத் திரும்புகிறவர்கள் ஏராளம். "கீழ்ப்பாக்கம் கேசு" என்று நம் தெருக்களில் திட்டுவார்களே, அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து போகாமல் இருந்து அழிந்த குடும்பங்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அந்தச் சொல்லை உங்கள் வீட்டில் யாரும் சொல்லவிடாதீர்கள், குழந்தை எதிரில் முக்கியமாக.

இந்த வாரம் தியானத்தை நிறுத்தி வையுங்கள். முதலில் நோட்டு. ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எல்லாக் கடனையும் எழுதிக் கூட்டுங்கள். பிறகு ஒரு நாள், அம்மா வெங்காயம் உரிக்கும்போதோ துணி மடிக்கும்போதோ, கூட உட்கார்ந்து நீங்களும் இரண்டு உரித்தபடி கேளுங்கள்: "அப்பா அந்த ரெண்டு மாசத்துல என்னப் பத்தி ஏதாவது சொன்னாராம்மா?" அம்மா உடனே பேசாமல் இருக்கலாம். அவசரப்படுத்தாதீர்கள். சொன்ன பிறகு, என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். உட்காருவதைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.